பழைய வீட்டுக்குப் புதுத் திண்ணை: கான்கிரீட்டா, ஓடா, ஷீட்டா?

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில், மேற்குப் பார்த்தது. 1958-ல் தாத்தா கட்டினார். ஒன்றரைக் கல் கனத்தில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். மேலே தேக்குக் கட்டைகளின்மீது செங்கல்லை நிற்கவைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே பதினைந்தடி வெற்றிடம். என் சின்ன வயதில் மாசி பிறந்ததும் அங்கே கீற்றுப் பந்தல் ஏறிவிடும். கீற்று முடைகிறவர்கள் குறைந்தார்கள், பந்தலும் நின்றுபோனது. இப்போது அப்பாவுக்கு எழுபத்தெட்டு. "சாயங்காலம் வெளிய உக்கார ஒரு எடம் பண்ணிக் குடுப்பா, போதும்" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். "கான்கிரீட் போர்டிகோ போட்டுருங்கண்ணா, உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார் மேஸ்திரி. "ஷீட்டுன்னா ரெண்டே நாளு வேலைங்க" என்றார் வெல்டர். மச்சான் தன் போனை நீட்டி, காரைக்குடித் தூணும் ஓட்டுச் சரிவுமாக யாருடைய பண்ணை வீட்டையோ காட்டினார். அவரவர் கையிலிருக்கும் வேலையை அவரவர் சொன்னார்கள். வீட்டைப் பார்த்துச் சொன்னவர் ஒருவருமில்லை. அதனால் மூன்றையும் என் வீட்டுச் சுவரில் வைத்தே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னைப் போலப் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம். ரூபாய்க் கணக்கை இதில் எழுதவில்லை; கம்பி, பைப் விலை நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். எடையும் உயரமும் மாறாது.

என் அளவு இது: அகலம் 14 அடி, சுவரிலிருந்து கூரையின் முன்விளிம்புவரை 8 அடி. சதுர அடிக்கணக்கில் 112.

முதலில் எடை. அதில் 4 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் தளம் மட்டுமே சுமார் 2,600 கிலோ. மேலே மழையும் வெயிலும் தாக்காமல் இருக்க வெதரிங் கோர்ஸ் என்னும் மேல்தளம் போட்டால் இன்னும் ஒன்றரை டன் ஏறும். அதே இடத்தில் மங்களூர் ஓடு வேய்ந்தால் ஓட்டின் எடை 450 கிலோவை ஒட்டி வரும்; பைப், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் எல்லாம் சேர்த்தாலும் முக்கால் டன்னைத் தாண்டாது. வண்ணம் பூசிய தகடான கலர் ஷீட் என்றால் ஐம்பது கிலோ சொச்சம், அதோடு சட்டத்தின் எடை.

கனம் இருந்தால் என்ன, தூண் தாங்காதா என்று கேட்கலாம். தூண் தாங்கும். பிரச்சினை தூணில் இல்லை, பழைய சுவரும் புதுக்கட்டும் சேரும் கோட்டில் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீடு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி உட்கார்ந்துவிட்டது. நேற்றுத் தோண்டிய குழியில் நிற்கும் தூண் இனிமேல்தான் உட்காரப் போகிறது. பொன்னம்மாப்பேட்டையில் சித்தப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே போர்டிகோ போட்டவர் பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டு, கம்பியை உள்ளே செருகி, புதுத் தளத்தைச் சுவரோடு சேர்த்து வார்த்துவிட்டார். இரண்டு மழைக்காலம் போனது. தளம் சுவரைத் தொடும் இடத்தில் முதலில் மயிரிழையாக ஒரு கோடு விழுந்தது. அடுத்த வருடம் அதில் ஒரு ரூபாய்க் காசு செங்குத்தாக நுழைந்தது. மழைத் தண்ணீர் அந்த வழியே இறங்கி, உள்கூடத்துச் சுவரில் தேசப்படம் மாதிரி கறை. கறைமேல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சுவிட வேண்டும், சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடுகிறது. சித்தப்பா இன்னும் அந்த மேஸ்திரியைத் திட்டுகிறார். மேஸ்திரியோ தெருப்பக்கமே வருவதில்லை.

கான்கிரீட்தான் வேண்டும் என்றால் செய்ய முடியாததில்லை. நான்கு தூணும் தன் காலில் நிற்க வேண்டும், தளம் பழைய சுவரைத் தொடவே கூடாது. நடுவில் ஓரங்குல இடைவெளி விட்டு, தெர்மகோல் வைத்து வார்த்து, பிறகு சீலன்ட் நிரப்பி, மேலே தகடு மூட வேண்டும். தூண் குழியையும் சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது. பழைய கடைக்கால் சுவரைவிட அகலமாக வெளியே வந்திருக்கும், ஆழமோ நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். அதற்குக் கீழே போய்த் தோண்டினால் வீட்டின் காலையே பறிப்பதாகிவிடும். மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும், பின்னால் மேலே ஓர் அறை எடுக்கும் எண்ணம் உண்டு என்கிறவர்களுக்கு இந்தப் பாடு தகும். உட்கார நிழல் மட்டும் கேட்கும் அப்பாவுக்காக நாலு டன்னைத் தூக்கி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து உயரம். ஓடா ஷீட்டா என்பதை ஆசை முடிவு செய்வதில்லை, டேப் முடிவு செய்கிறது. மங்களூர் ஓட்டுக்கு 25 டிகிரிக்குக் குறையாத சரிவு வேண்டும். அதைவிடப் படுக்கவைத்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். 8 அடி நீளத்துக்கு 25 டிகிரி என்றால் மூன்றே முக்கால் அடி ஏற்றம். முன்விளிம்பு 7 அடியில் இருந்தால் சுவரில் கூரை சேரும் இடம் 10 அடி 9 அங்குலத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் கூரை உயரம் பதினொன்றரை அடி, வெளியே கைப்பிடிச் சுவர் அதற்கும் மேலே. ஆகவே ஓடு பொருந்துகிறது. கதவுக்கு மேலிருக்கும் வெண்டிலேட்டரும் கூரைக்குக் கீழேயே வந்துவிடுகிறது. எண்பதுகளுக்குப் பிறகு கட்டிய பத்தடி உயர வீடுகளில் இந்தக் கணக்கு இடிக்கும். ஒன்று, திண்ணையின் ஆழத்தை ஐந்தாறு அடியாகக் குறைக்க வேண்டும். அல்லது ஷீட்டுக்குப் போக வேண்டும். ஷீட்டுக்கு 8 அடிக்கு ஓரடிச் சரிவு இருந்தால் போதும்.

இந்த 7 அடி விளிம்பு பற்றித்தான் வீட்டில் பெரிய பேச்சு. "தல இடிக்கும், பத்தடியாவது வைங்கண்ணா, அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்றார் மேஸ்திரி. எடுப்பாகத்தான் இருக்கும். மேற்குப் பார்த்த வீட்டுக்கு அந்த எடுப்பே வினை. சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் உச்சிச் சூரியன் தலைக்கு நேராக நிற்கும். அந்த உச்சி வெயிலை எந்தக் கூரையும் மறைத்துவிடும். மாலை நாலேகால் மணிக்கு அது மேற்கே அடிவானத்திலிருந்து 31 டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது 8 அடிக் கூரை, தன் விளிம்பிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்துக்கு நிழலை இறக்கும். விளிம்பு 10 அடியில் இருந்தால் சுவரில் ஐந்தடி உயரம்வரை வெயில் அடிக்கும். நாற்காலியில் இருப்பவர் முகத்தில் நேராக. 7 அடியில் இருந்தால் வெயில் இரண்டடியோடு நின்றுவிடும், முழங்கால் மட்டும் காயும். ஐந்தேகால் மணிக்கு எந்தக் கூரையும் பலிக்காது. அதற்கு மூங்கில் தட்டிதான். தாழ்ந்த விளிம்பென்றால் தட்டியும் சின்னதாகப் போதும், காற்றில் படபடக்காது. பழைய வீடுகளில் இறவாரம் தலையில் இடிக்கிற மாதிரி இருந்ததற்கு முன்னோர் குள்ளம் என்று காரணம் சொல்வார்கள். வெயிலைத்தான் அளந்திருக்கிறார்கள். தெற்கு, வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் 8 அடி, 9 அடி வைத்துக்கொள்ளலாம்.

சூட்டைப் பொறுத்தவரை மூன்றுக்கும் மூன்று குணம். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் உட்காரும் ஆறு மணிக்கு அதைத் தலையில் கொட்டும். ஷீட் உடனே கொதிக்கும், உடனே ஆறும்; ஆனால் கோடை மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. நடுவில் பஃப் என்னும் நுரை அடைத்த ஷீட்டில் சூடும் சத்தமும் குறைவு, காசு கூடுதல். ஓடு, இடுக்குகள் வழியாகச் சூட்டை மேலே விட்டுவிடுகிறது. வெளிச்சத்தை உள்ளே விடும் பிளாஸ்டிக் ஷீட்டான பாலிகார்பனேட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: நம் ஊர் வெயிலுக்கு அதன் கீழே உட்காருவது கண்ணாடிப் பாட்டிலுக்குள் உட்காருவது. செடி வளர்க்கட்டும்.

இன்னும் இரண்டு சரக்குகள் இப்போது கடைகளில் அதிகம் ஓடுகின்றன. ஒன்று, ஓடு மாதிரி அச்சடித்த செங்காவி நிற ஷீட். தூரத்தில் ஓடு, பக்கத்தில் தகரம், மழையில் பறை. மற்றொன்று, சாய்வாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓட்டை ஒட்டுவது. கான்கிரீட்டின் கனம், கான்கிரீட்டின் சூடு, அதன் மேல் ஓட்டின் செலவு. இதைச் செய்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எதற்காக என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

ஷீட் போடுவதாக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் இங்கே மழைக்கு முன்னால் காற்று வரும். முன்பக்கம் திறந்த கூரை, குடையைப் போல அந்தக் காற்றைக் கீழிருந்து வாங்கும். ஐம்பது கிலோத் தகடு பறப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூவை அலையின் மேட்டில் நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். தூணின் அடித்தகட்டையும் கான்கிரீட்டில் போல்ட்டோடு புதைக்க வேண்டும், சும்மா தரைமேல் வைத்து வெல்டு அடிக்கக் கூடாது. ஓட்டுக்கும் எதிரி உண்டு: தென்னை. கூரைக்கு மேல் மட்டை நீட்டும் தென்னை இருந்தால், மரத்துக்கு உடையவர் யாராக இருந்தாலும், ஓட்டை மறந்துவிடலாம்.

மலைக்கு மேலே போனால் தீர்ப்பே மாறிவிடும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அக்கா வீடு. அங்கேயும் ஓடுதான் இருந்தது. குரங்குகள் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் தாவித் தாவி, ஓட்டைப் புரட்டி அடியில் பூச்சி தேடி, வருடத்துக்கு இருபது முப்பது ஓடாவது மாற்ற வேண்டியிருந்தது. மாமா அலுத்துப்போய்ப் போன வருடம் ஷீட்டுக்கு மாறினார். கீழே பலகை அடித்திருக்கிறார், சத்தம் பாதியாகிவிட்டது. அங்கே வெயிலை மறைப்பது கவலையில்லை. பனிமூட்டமும் சாரலும் உள்ளே வராமல், வெயில் வந்தால் விடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் மேற்குப் பக்கம் கண்ணாடி ஜன்னல், கிழக்கே திறப்பு. அக்கா வீட்டுத் திண்ணையைப் பார்த்துவிட்டு வந்து சேலத்தில் அதே மாதிரி கட்டினால் மே மாதம் புழுங்கிச் சாக வேண்டியதுதான். மலையில் கட்டட அனுமதிக்கு விதிகளும் தனி. கீழேயும் முன்பக்கம் விட வேண்டிய இடத்தில் கூரை இறக்குவதற்கு முன்னால் மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2019-ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தெரு அகலத்தையும் மனையையும் பார்த்துத்தான் பேசும்.

தூணுக்கு வருவோம். மச்சான் காட்டிய மரத்தூண் அழகு என்பதில் சந்தேகமில்லை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கினால் மரமும் நன்றாகவே இருக்கும். கல் அடித்தளத்தில் நிறுத்தாமல் நேராகத் தரையில் புதைத்தால் கரையானுக்குப் படையல். கல் தூண் நம் பக்கத்துச் சரக்கு, எதுவும் அரிக்காது. ஆனால் முக்கால் அடிச் சதுரத்தில் எட்டடி உயரக் கல் 340 கிலோ இருக்கும். அதை இறக்கி நிறுத்த ஆள் வேண்டும், சாயாமல் நிற்க அடியில் குழி வேண்டும். இரும்புச் சதுரப் பைப் வேலை சுலபம். கஞ்சமலை அடிவாரத்தில் அவ்வளவு பெரிய உருக்காலை இருக்கும்போது ஊரில் பைப்புக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். அங்கே உருளுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு, நமக்கு வேண்டிய பைப் கடையில்தான். நான் எடுத்த முடிவு: நான்கு தூணும் இரும்பு. முன்னால் தெரியும் இரண்டுக்கு மட்டும் இடுப்பளவு செங்கல் கட்டிப் பூச்சு. சுவரோரம் வரும் இரண்டும் சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓரங்குல வெளி. அந்த வெளியை மூடும் தகட்டின் மேல் விளிம்பு சுவரின் சாந்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் ஓரங்குலம் போய்ச் சுண்ணாம்பால் அடைபடும். கீழ் விளிம்பு ஓட்டின்மேல் சும்மா படிந்திருக்கும், எதோடும் கட்டாமல். வீடு தன் போக்கில் இருக்கும், திண்ணை தன் போக்கில் இறங்கும். "எதுக்கு இவ்ளோ சிரமம், சிமென்ட் வச்சுப் பூசிட்டாப் போதாதாண்ணா?" என்று வெல்டர் கேட்டார். சித்தப்பா வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பேசாமல் காடி வெட்ட ஒப்புக்கொண்டார்.

தரையில் எங்களுக்கு இருந்த தேர்வு குறைவு, காரணம் தெரு. ஒவ்வொரு முறையும் பழைய தார்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடு இப்போது ஒன்றரைப் படியில் நிற்கிறது. அளந்தால் கூடத்துத் தரை தெருவைவிட 14 அங்குலம்தான் மேலே. திண்ணைத் தரை கூடத்தைவிட 6 அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும். திண்ணைக்காகக் கொட்டும் மண் பழைய சுவரில் கூடத்துத் தரை மட்டத்துக்கு ஏறினால் ஈரம் உள்ளே போகும். மீதி 8 அங்குலம். அதிலும் வெளிப்பக்கம் ஒன்றரை அங்குல வாட்டம் விட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் அடித்துப் பெய்யும் இரவில் தெருத் தண்ணீர் எதுவரை வருகிறது என்று குறித்து வைத்திருந்த அம்மாவின் கணக்கைக் கேட்ட பிறகுதான் அந்த 8 அங்குலத்துக்குச் சம்மதித்தேன்.

மேலே என்ன போடுவது? பளபளப்பான கிரானைட்டும் விட்ரிஃபைட் டைலும் சாரல் விழுந்தால் வழுக்கும், எழுபத்தெட்டு வயதுக்காரர் உட்காரும் இடத்தில் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் கண்ணுக்கு விருந்து. கண்ணாடித் தகட்டின்மேல் சாயச் சிமென்ட்டை ஊற்றி வார்க்கிற கல் அது. வீட்டுக்குள் வருடம் போகப் போக மெருகேறும், மேற்கு வெயிலும் மழையும் அடிக்கும் விளிம்பில் நிறம் மங்கும், உப்பும் பூக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீடென்றால் வாங்கவே கூடாது. மிஞ்சியது ரெட் ஆக்சைடு கலந்த சிவப்புச் சிமென்ட் தரையும் கறுப்புக் கடப்பாக் கல்லும். ரெட் ஆக்சைடு நல்ல கைக்கு அமைந்தால் எதுவும் பக்கத்தில் வராது. அந்தக் கை இப்போது அரிது, அடியில் மண்ணை அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இடிக்காமல் போட்டால் ஒரே வருடத்தில் வெடிப்பு. அம்மா ரெட் ஆக்சைடு கட்சி: "செவப்புத் தரையிலதான் கோலம் பளிச்சுனு தெரியும்." என் மனைவி கடப்பாக் கட்சி: "கறுப்புல இன்னும் பளிச்சுனு தெரியும் அத்தை." இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் தலையிடவில்லை.

அலங்காரம் என்று தனியாக எதுவும் திட்டமில்லை. மின்சார மீட்டர் முன்சுவரில்தான் இருக்கிறது, கணக்கெடுப்பவர் வந்து பார்க்க வழி விட வேண்டும். அதனால் முழுசாக கிரில் அடைப்பு கிடையாது. கதவுக்குப் பக்கத்து மாடக்குழியில் பல வருடமாகச் சுண்ணாம்பு அப்பிக் கிடந்ததைச் சுரண்டினோம், பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. கார்த்திகைக்கு அங்கே விளக்கு ஏறும். பேத்தி ஊஞ்சல் கேட்கிறாள். ஊஞ்சலை ஓட்டுச் சட்டத்தில் மாட்டக் கூடாது, ஆடுகிற எடை வேறு. அதற்கென்று இரண்டு தூணுக்கு நடுவே தனியாகக் கனமான பைப் போடுகிறேன்.

ஓடு மட்டும் வாங்கியாயிற்று. புதிதும் கிடைக்கிறது, ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய குடோன் இடித்த இடத்தில் பார்த்தவற்றை விட மனமில்லை. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிவைத்த தொழில். அதற்குப் பிறகு எத்தனையோ தொழிற்சாலைகள், ஒவ்வொன்றும் தன் முத்திரையை ஓட்டின் முதுகில் அழுத்திவிடும். பழைய ஓடு வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். இரண்டு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பூட்டாது, அந்த இடுக்கில்தான் ஒழுகும். எனக்கு வேண்டியது 175, உடைசலுக்கும் சேர்த்து ஒரே முத்திரையில் 200 எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு கையில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்ட வேண்டும். நல்ல ஓடு மணி மாதிரி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொப்' என்று அடைத்துக்கொண்ட குரல்.

வண்டியிலிருந்து இறக்கும்போது நான் அவசரத்தில் பாதியைத்தான் தட்டினேன். இப்போது ஓடுகள் மதில் ஓரமாக அடுக்கிக் கிடக்கின்றன. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அப்பா நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, மீதியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக் காதில் வைத்துக் கேட்கிறார். நேற்றுவரை ஆறு ஓட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.